கர்ப்பிணியிடம் ஆய்வுக்குச் சம்மதம் கேட்டால்: விதிகள் என்ன சொல்கின்றன?

மாதாந்தரப் பரிசோதனைக்குப் போன இடத்தில் நாலைந்து பக்கக் காகிதத்தை நீட்டி, "ஒரு ஆய்வு நடக்கிறது, நீங்களும் சேருகிறீர்களா?" என்று கேட்கலாம். பயந்துபோய் மறுக்கவும் வேண்டாம், படிக்காமல் கையெழுத்துப் போடவும் வேண்டாம். உலக மருத்துவச் சங்கத்தின் ஹெல்சிங்கி பிரகடனமும் (1964-ல் வந்தது, கடைசியாக 2024-ல் திருத்தப்பட்டது), சர்வதேச மருத்துவ அறிவியல் அமைப்புகளின் கவுன்சில் 2016-ல் வெளியிட்ட வழிகாட்டியும் இதற்கான நெறிகளை வகுத்திருக்கின்றன. இவை சட்டம் அல்ல. சட்டத்தை அந்தந்த நாடுதான் இயற்ற வேண்டும். ஆனாலும் ஆய்வை அனுமதிக்கும் எத்திக்ஸ் கமிட்டிகள் பெரும்பாலும் இவற்றைத்தான் அளவுகோலாக வைத்துக்கொள்கின்றன.

முதலில், யார் கையெழுத்துப் போடுவது? பலரும் குழம்புவது இங்கேதான். கர்ப்பிணியைச் சேர்க்கும் ஆய்வுக்கு அவருடைய சம்மதம் கட்டாயம். கணவரோ வீட்டுப் பெரியவர்களோ "சரி" என்று சொன்னது அதற்கு ஈடாகாது. 2016 வழிகாட்டி இதில் இடைவெளியே விடவில்லை. கலந்து பேசிக்கொள்ள அவகாசம் கேட்கலாம். ஆனால் முடிவு அவருடையது. பிறந்த குழந்தையை ஆய்வில் சேர்ப்பது தனி விஷயம். அதற்குப் பெற்றோரோ சட்டப்படியான பாதுகாவலரோ அனுமதி தர வேண்டும்.

சேர மறுத்தாலும், பாதியில் விலகினாலும் வழக்கமான சிகிச்சை குறையக் கூடாது. விலகுவதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. பிரசவம் பார்க்கப்போகிற மருத்துவரே கேட்கும்போது மறுப்பது எவ்வளவு சங்கடம் என்பது தெரிந்ததுதான். பிரகடனமும் அதை யோசித்திருக்கிறது: நோயாளி மருத்துவரைச் சார்ந்திருக்கும் நிலையில், சம்மதத்தை அந்த மருத்துவர் வாங்காமல், தொடர்பில்லாத, தகுதியுள்ள வேறொருவர் வாங்க வேண்டும் என்கிறது. பிரசவ வலியில் துடிக்கும்போது நீட்டப்படும் படிவத்தில் போடும் கையெழுத்தை, என்னைக் கேட்டால், சம்மதம் என்றே சொல்ல மாட்டேன். பிரசவ நேர ஆய்வு என்றால் முந்தைய பரிசோதனைகளிலேயே பேசிவைப்பதுதான் முறை.

இவ்வளவு கெடுபிடி இருந்தும் ஆய்வு எதற்கு என்றால், ஆய்வு செய்யாமல் கொடுக்கும் சிகிச்சையும் ஆபத்துதான். 1940-களில் குறைமாதக் குழந்தைகளுக்கு நல்லது என்று நினைத்து ஆக்சிஜனைத் தாராளமாகக் கொடுத்தார்கள். ஆயிரக்கணக்கான குழந்தைகளுக்குப் பார்வை போனது. காரணம் ஆக்சிஜன்தான் என்பதை 1950-களில் முறையான ஆய்வுதான் உறுதிசெய்தது. மாறாக, குறைமாதப் பிரசவத்துக்கு முன் தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போட்டால் குழந்தைக்கு மூச்சுத் திணறல் குறைகிறது என்று 1972-ல் வெளியான நியூசிலாந்து ஆய்வு காட்டியது. அதில் சேர்ந்தவர்கள் 282 தாய்மார்கள்.

ஆபத்துக்கும் எல்லை உண்டு. தாய்க்கோ வயிற்றிலுள்ள சிசுவுக்கோ நேரடிப் பலன் தராத சோதனை என்றால், ஆபத்து மிகமிகக் குறைவாக இருக்க வேண்டும். அந்த ஆய்வும் கர்ப்பிணிகள், சிசுக்கள் ஆகியோரின் நலனுக்கு நேரடியாகத் தேவைப்படுவதாக இருக்க வேண்டும். நிரூபிக்கப்பட்ட சிகிச்சை ஏற்கெனவே இருந்தால், புதியதை அதோடுதான் ஒப்பிட வேண்டும். தக்க காரணமில்லாமல் ஒரு பிரிவினருக்கு வெறும் பிளாசிபோ (மருந்தே இல்லாத போலி மருந்து) கொடுத்துவிட முடியாது. ஆய்வினால் பாதிப்பு வந்தால் சிகிச்சையும் இழப்பீடும் உண்டு. அதை யார் தருவார்கள் என்பதைப் படிவத்தில் தேடிப் பாருங்கள். காணவில்லையா, கேளுங்கள்.

அப்புறம், எத்தனை வருடம் தொடர்ந்து பார்ப்பார்கள் என்றும் கேட்டு வையுங்கள். பிரசவத்தோடு முடிகிற ஆய்வும் உண்டு, குழந்தை பள்ளிக்குப் போன பிறகும் தொடர்வதும் உண்டு. அந்த நியூசிலாந்து ஆய்வில் பிறந்தவர்களை 30 வயதில் மறுபடியும் தேடிப் போய்ப் பரிசோதித்தார்கள்.