ஆம்புலன்ஸ் எந்தப் பக்கம் வருகிறது?

மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழே தினமும் பைக்கில் போகும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "சைரன் காதைக் கிழிக்கிறது. ஆனால் வண்டி முன்னால் வருகிறதா பின்னால் வருகிறதா என்றே தெரிவதில்லை. என் காதில் கோளாறா? இந்தச் சத்தத்துக்கெல்லாம் சட்டத்தில் ஒரு அளவு கிடையாதா?"

அளவு உண்டு. ஒலி மாசு விதிகள் 2000 மத்திய அரசு போட்டவை. தமிழக-கேரள எல்லையான களியக்காவிளைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒன்றுதான். பகலில் (காலை 6 முதல் இரவு 10 வரை) குடியிருப்புப் பகுதிக்கு 55 டெசிபல், கடைத்தெருவுக்கு 65, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கோர்ட் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டருக்கு 50. இரவில் இன்னும் பத்து குறையும். 2010-இல் வந்த திருத்தப்படி, குடியிருப்பிலும் அமைதி மண்டலத்திலும் இரவில் சத்தம் போடும் கட்டுமான எந்திரங்களை ஓட்டவே கூடாது. நாலுவழிச்சாலை வேலைக்கு நடுராத்திரி ஹிட்டாச்சி உறுமினால் புகார் கொடுக்கலாம் என்று அர்த்தம்.

சைரன் கதை வேறு. மேலே சொன்ன அளவுகள் நேர சராசரி. டெசிபலில் பத்து கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகும் என்பது பள்ளியில் படித்ததுதான். ரோட்டோரக் கடைக்காரரின் காதில் 100 டெசிபலில் 20 விநாடி சைரன் விழுகிறது என்று வையுங்கள். மீதிப் பகல் முழுக்க ஊரே வாய்மூடி இருந்தாலும், அந்த 20 விநாடி மட்டுமே 16 மணி நேரச் சராசரியை 65-க்குக் கொண்டுபோய்விடும். கடைத்தெருவின் ஒதுக்கீடு ஒரே ஆம்புலன்ஸில் காலி! திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜுக்கு இந்த வழியில் எத்தனை வண்டி ஓடுகிறது என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். மோட்டார் வாகன விதிகளில் ஆம்புலன்ஸ், தீயணைப்பு, போலீஸ் வண்டிகளின் ஒலிக்கு விலக்கு கொடுத்திருக்கிறார்கள். உயிர் போகிற அவசரத்தில் அளவு பார்க்க முடியாது, சரி.

ஆனால் இவ்வளவு சத்தம் போட்டும் திசை தெரியவில்லை என்றால் என்ன பிரயோஜனம்? எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதுதான்.

திசையைக் கண்டுபிடிக்க மூளைக்கு இரண்டு வழிகள் உண்டு. வலப்பக்கம் இருந்து வரும் ஒலி வலது காதை முதலில் தொட்டு, தலையைச் சுற்றிக்கொண்டு இடது காதுக்குப் போகிறது. கூடுதலாகக் கடக்கும் தூரம் இருபது சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. தாமதம் அதிகபட்சம் ஒரு மில்லிவிநாடியில் மூன்றில் இரண்டு பங்கு. ஒரு விநாடியில் லட்சத்தில் ஒரு பங்கு வித்தியாசத்தைக்கூட மூளை பிடித்துவிடும்! இது தாழ்ந்த ஒலிகளுக்கு. கீச்சென்ற உயர்ந்த ஒலிகளுக்கு இரண்டாவது வழி: அவற்றின் அலைநீளம் சிறியது, தலையைச் சுற்றி வளைய முடியாது, அதனால் மறுபக்கக் காதில் நிழல் விழுகிறது. எந்தக் காதில் சத்தம் குறைவு என்று பார்த்தால் போதும். இந்த இரட்டை வழியை ஆங்கிலேய இயற்பியலாளர் ராலே பிரபு 1907-இல் விளக்கினார்.

சிக்கல் நடுவில். 1,500 ஹெர்ட்ஸ் (விநாடிக்கு 1,500 அதிர்வு) ஒலியின் அலைநீளம் சுமார் 23 சென்டிமீட்டர், அதாவது கிட்டத்தட்ட நம் தலையைச் சுற்றும் அதே தூரம். ஒரு காதில் ஓர் அலையின் முகடு வரும்போது மறு காதில் அடுத்த அலையின் முகடு வந்து நிற்கும். எது முந்தி, எது பிந்தி? மூளைக்குத் தெரியாது. நிழலும் அந்த அலைநீளத்தில் சரியாக விழாது. 1,500 முதல் 3,000 வரை நம் காதுக்குக் குருட்டுப் பிரதேசம். சைரனின் ஏற்ற இறக்கம் பெரும்பாலும் 500-க்கும் 1,800-க்கும் இடையே ஓடுகிறது; உச்சிக்கு ஏறும்போதெல்லாம் இந்தப் பிரதேசத்துக்குள் நுழைந்துவிடுகிறது. டாரஸ் லாரி ரிவர்ஸ் எடுக்கும்போது அடிக்கும் 'பீப் பீப்'பும் அநேகமாக இந்த வட்டாரம்தான்.

முன்னா பின்னா என்பது இன்னும் மோசம். நேர் முன்னாலும் நேர் பின்னாலும் தாமதம் பூஜ்யமே. அதைப் பிரித்துச் சொல்வது காது மடலின் மடிப்புகள். 4,000 ஹெர்ட்ஸுக்கு மேல்தான் அவை உருப்படியாக வேலை செய்யும். சைரனில் அந்தப் பகுதிக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. போதாததற்கு மேம்பாலத்தின் கான்கிரீட் எதிரொலி வேறு. முதலில் வந்து சேரும் ஒலியை நம்பி எதிரொலியைத் தள்ளிவிடுவது மூளையின் வழக்கம். இழுத்து இழுத்து ஊளையிடும் ஒலியில் 'முதல்' எது?

அப்புறம் என்ன செய்யலாம்? எல்லா அதிர்வெண்ணும் கலந்த 'ஷ்ஷ் ஷ்ஷ்' இரைச்சலை விட்டு விட்டு ஒலித்தால் தாமதம், நிழல், காது மடல் என மூன்று வழியும் ஒன்றாக வேலை செய்யும். 1990-களில் இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் டெபோரா விதிங்டன் என்ற ஆய்வாளர் இப்படி ஆம்புலன்ஸ் சைரனையே மாற்றிப் பார்த்தார். லாரிகளுக்கான ரிவர்ஸ் அலாரமாக அது கடைகளிலும் கிடைக்கிறது. நமக்கு ஏற்றபடி, நம் ஜங்ஷன் இரைச்சலில் வைத்துச் சோதிக்க பெரிய ஆய்வுக்கூடம் வேண்டாம். பொறியியல் கல்லூரி ஒன்றுக்குச் சின்ன நிதி போதும். லாரி முகப்பில் எலுமிச்சம்பழம் மாற்ற ஒரு வெள்ளிக்கிழமைகூடத் தவறாதவர்கள் பின்னால் ரிவர்ஸ் அலாரம் வயர் அறுந்து தொங்குவதைக் கவனிப்பதில்லை. அதைப் பார்க்கும்போது எனக்கு வரும் கோபம் தனி.

வாசகருக்கு ஒன்று. தலையை இருபுறமும் லேசாகத் திருப்பிப் பாருங்கள்; தாமதம் மாறும் விதத்தை வைத்து மூளை முன்பின்னைக் கணித்துவிடும். ஹெல்மெட் காது மடலை மூடிவிடுவதால் மடிப்புகளின் உதவி கிடைக்காது. அதற்காக ஹெல்மெட்டைக் கழற்றிவிடாதீர்கள், பைக்கின் பக்கக் கண்ணாடியைப் பாருங்கள்.