சொதியில் ஊற்றும் முதல் பால்: பழைய நினைவு நன்றியாக மாறும் விதம்

"ஆச்சி வீட்டுல இருந்த காலம்தான் நல்ல காலம்" என்று சொல்லாதவர்கள் திருநெல்வேலிச் சீமையில் குறைவு. கேட்க இதமான பேச்சுதான். ஆனால் சொல்பவரின் மனதை அது பெரிதாக அசைப்பதில்லை. அதில் குறிப்பிட்ட ஒரு நாள் இல்லை, ஓர் இடம் இல்லை, வேலை செய்த ஒரு கை இல்லை.

நினைவு எவ்வளவு குறிப்பாக இருக்கிறது என்பது மனநலத்தோடு நேரடியாகத் தொடர்புள்ள விஷயம். மார்க் வில்லியம்ஸ், கீத் பிராட்பென்ட் இருவரும் 1986-ல் வெளியிட்ட ஆய்வில், தற்கொலைக்கு முயன்று மீண்டவர்களிடம் பழைய சம்பவங்களைக் கேட்டார்கள். நல்லது நடந்த ஒரு நாளைச் சொல்லுங்கள் என்றால் அவர்கள் திணறினார்கள். பொதுப்படையான பதில்தான் வந்தது. நினைவைப் பயிற்சியாகச் செய்ய விரும்புகிறவர் முதலில் கற்க வேண்டியது, ஒரே ஒரு நாளைப் பிடித்து நிறுத்துவதை.

அதற்கு மணம் நல்ல கைப்பிடி. கண்ணும் காதும் அனுப்பும் செய்தி மூளையில் தலாமஸ் என்ற சந்திப்பைக் கடந்துதான் மேலே போகும். மணம் அங்கே நிற்காமல், உணர்ச்சியோடு தொடர்புள்ள அமிக்டலாவுக்கும் நினைவைக் கோர்க்கும் ஹிப்போகாம்பஸை ஒட்டிய பகுதிகளுக்கும் போய்ச் சேர்கிறது. கல்யாணத்துக்கு மறுநாள் மறுவீட்டுச் சாப்பாட்டில் இலையில் விழும் சொதி என்ற தேங்காய்ப்பால் குழம்பின் வாசம், பக்கத்தில் இஞ்சிப் பச்சடி: எங்கே, யார் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம் என்பதுவரை தானாக எழுந்து வரும்.

அப்படி வந்த நினைவு உடம்புக்குள்ளும் வேலை செய்கிறது. மேகன் ஸ்பியர், மொரீசியோ டெல்காடோ குழு 2014-ல் வெளியிட்ட ஆய்வில், நல்ல சம்பவத்தை நினைக்கும்போது, பரிசு கிடைத்தால் கிளர்ச்சியடையும் ஸ்டிரையாட்டம் பகுதி சுறுசுறுப்பானது. அந்த நினைவுக்காகக் கொஞ்சம் பணத்தை விட்டுக்கொடுக்கக்கூட பங்கேற்றவர்கள் தயாராக இருந்தார்கள். 2017-ல் இன்னொரு சோதனை: மிகக் குளிர்ந்த நீரில் கையை வைக்கச் சொல்லி மன அழுத்தம் உண்டாக்கினார்கள். பிறகு நல்ல நினைவுகளை அசைபோட்டவர்களுக்கு, சாதாரண விஷயங்களை நினைத்தவர்களைவிட, கார்ட்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோனின் ஏற்றம் குறைவாக இருந்தது.

இதுவரை வந்தது மகிழ்ச்சி. நன்றி இன்னும் வரவில்லை. பலர் நின்றுவிடுவது இந்த இடத்தில்தான்.

ஆபிரகாம் டெஸரும் உடன் ஆய்ந்தவர்களும் 1968-லேயே நன்றியுணர்வைத் தூண்டும் மூன்று விஷயங்களைக் காட்டினார்கள். கொடுத்தவர் நமக்காக மனமுவந்து செய்தாரா, அதற்கு அவர் என்ன இழந்தார், நமக்கு அது எவ்வளவு உதவியது. இப்போது அதே சொதிக்குத் திரும்புங்கள், இந்த முறை அடுப்படிக்குள். தேங்காயைத் துருவி மூன்று முறை பிழிய வேண்டும். தண்ணியான மூன்றாம் பாலிலும் இரண்டாம் பாலிலும் காய் வேக வேண்டும். கெட்டியான முதல் பாலைக் கடைசியில் ஊற்றி, நுரை கூடும்போதே இறக்கிவிட வேண்டும்; கொதிக்கவிட்டால் திரிந்துபோகும். எலுமிச்சைச் சாறு அடுப்பிலிருந்து இறக்கிய பிறகுதான். இதைச் செய்கிறவர் அந்தச் சில நிமிடம் அடுப்பை விட்டு நகரமுடியாது. வெளியே பந்தியில் எல்லோரும் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தபோது ஆச்சி உள்ளே அந்தப் பாலைப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பார்கள். இது கண்ணில் பட்டதும் "ருசியான சாப்பாடு" என்ற நினைவு வேறொன்றாகிவிடும்.

செய்முறை எளிது. வாரத்தில் ஒரு நாள், பத்து பதினைந்து நிமிடம், ஒரு நோட்டு. ஒரே சம்பவம். முதலில் இடம், நேரம், மணம், அங்கே இருந்தவர்கள். பிறகு ஒருவரின் கையை மட்டும் பின்தொடர்ந்து எழுதுங்கள்: என்ன செய்தது, அந்த நேரத்தில் வேறு எதை விட்டுவிட்டு வந்தது. தினமும் எழுதினால் இன்னும் பலன் கூடுமே என்று தோன்றும். சோனியா லியுபோமிர்ஸ்கியும் குழுவினரும் 2005-ல் எழுதிய ஆய்வில், நன்றிக்குரியவற்றை வாரம் ஒரு முறை எண்ணிப்பார்த்தவர்களுக்கு மகிழ்ச்சி கூடியது, வாரம் மூன்று முறை செய்தவர்களுக்குக் கூடவில்லை. பழகப் பழக அது வீட்டுப்பாடமாகிவிடுகிறது.

நீளமான பட்டியலும் வேண்டாம். 1991-ல் நோர்பர்ட் ஸ்வார்ஸ் குழு, தாங்கள் துணிந்து பேசிய 6 சம்பவங்களைச் சிலரிடமும் 12 சம்பவங்களைச் சிலரிடமும் கேட்டது. 12 கேட்கப்பட்டவர்கள்தான் தங்களுக்குத் துணிச்சல் குறைவு என்று நினைத்தார்கள். தேடி எடுக்கச் சிரமப்பட்டதையே மனம் சாட்சியாக எடுத்துக்கொண்டது. நன்றிக்குரியவற்றை இருபது எழுது என்று பிள்ளைகளை உட்காரவைக்கும் பெரியவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

நம் ஊரில் அதிகம் நடக்கும் பிசகு வேறு. "அப்போ தாமிரவருணியில எப்படித் தண்ணி ஓடும், இப்போ பாரு" என்று ஆரம்பித்தால், நினைவு அளவுகோலாகி இன்றைய நாளை மட்டமாகக் காட்டிவிடும். ஸ்டிராக், ஸ்வார்ஸ், க்ஷ்னைடிங்கர் மூவரும் 1985-ல் காட்டியது இது: பழைய நல்ல சம்பவத்தைச் சுருக்கமாக, விலகி நின்று நினைத்தால் இன்றைய வாழ்க்கை குறைவாகத் தெரிகிறது, காட்சியாக உள்ளே இறங்கி நினைத்தால் அந்த இதம் இன்றைக்கும் ஒட்டிக்கொள்கிறது. குறுக்குத்துறைப் படித்துறையில் காலைச் சுற்றி ஓடிய தண்ணீரின் குளிர்ச்சியையும், கையைப் பிடித்து இறக்கிவிட்டவரையும் எழுதுங்கள். ஒப்பீட்டைத் தவிர்த்துவிடுங்கள். ஆற்றுக்காகப் பேச வேண்டியதை வேறு நேரத்தில் உரக்கப் பேசலாம்.

பழகிப்போன நன்மைகளுக்குக் கழித்தல் கணக்கு உதவும். மின்கியுங் கூவும் குழுவினரும் 2008-ல் செய்த சோதனைகளில், ஒரு நல்லது நடக்காமலே போயிருந்தால் என்று எழுதியவர்களுக்கு, அது நடந்த விதத்தை எழுதியவர்களைவிட மனநிலை மேம்பட்டது. நெல்லைக்கும் பாளையங்கோட்டைக்கும் நடுவே உள்ள பாலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சுலோசன முதலியார் சொந்தப் பணம் போட்டுக் கட்டி 1843-ல் திறந்தது. பஸ்ஸில் உட்கார்ந்தபடி அதைக் கடக்கும் ஒரு நிமிடத்தில், பாலம் இல்லை, பரிசலுக்குக் காத்து நிற்கிறோம், ஆற்றில் வெள்ளம் என்று நினைத்துப் பாருங்கள்.

எல்லோருக்கும் இது பொருந்தாது. மனச்சோர்வு ஆழமாக இருப்பவர்களுக்கு நல்ல நினைவு மனநிலையைத் தூக்குவதில்லை என்று யூட்டா யோர்மன் செய்த ஆய்வுகள் காட்டுகின்றன. "அதெல்லாம் போயிற்றே" என்று இன்னும் இறங்கிவிடலாம். அவர்களுக்கு நோட்டைவிட மனநல மருத்துவர்தான் முதலில். துன்புறுத்தியவரிடம் நன்றி தேடச் சொல்லி யாரையும் வற்புறுத்தவும் கூடாது.

எழுதியதை உரியவரிடம் சொன்னால் பலன் கூடும். சங்கடமாக இருக்குமோ என்ற தயக்கத்தை அமித் குமார், நிக்கோலஸ் எப்லி இருவரும் 2018-ல் அளந்தார்கள்: நன்றிக் கடிதம் எழுதியவர்கள் பெறுபவரின் சங்கடத்தை மிகையாகவும் மகிழ்ச்சியைக் குறைவாகவும் கணித்தார்கள். நம் வீடுகளில் "நன்றி" என்ற சொல் ஆளை அந்நியமாக்கிவிடும், உண்மைதான். அந்தச் சொல் தேவையில்லை, காட்சியைச் சொன்னால் போதும். "ஆச்சி, அன்னைக்கு மறுவீட்டுச் சாப்பாட்டுல நாங்க எல்லாம் பந்தியில உக்காந்திருந்தோம், நீங்க மட்டும் பால் திரிஞ்சிரக் கூடாதுன்னு அடுப்புகிட்டயே நின்னிய இல்லா?" என்று கேட்டுவிட்டுக் கொஞ்சம் சும்மா இருங்கள். மிச்சக் கதையை ஆச்சி சொல்வார்கள்.