கூலண்டில் ஓடும் மணலும் துருவும்

பல ஆண்டுகள் ஓடாமல் நின்றிருந்த ஒரு பழைய டீசல் ஜீப்பின் ரேடியேட்டரை இரண்டு முறை அலசிவிட்டுப் இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலண்டைப் புதிதாக ஊற்றினேன். பச்சைப் பசேலென்று, அடி தெரியும் அளவுக்குத் தெளிவாக இருந்தது. மூன்று வாரம் கழித்து, இன்ஜின் ஆறிக் கிடந்த ஒரு காலையில் மூடியைத் திறந்து விரலை விட்டுப் பார்த்தேன். நுனியில் செங்கல்பொடி போல ஏதோ ஒட்டிக்கொண்டு வந்தது. இரு விரலுக்கு நடுவே தேய்த்தால் நறநறத்தது. அந்த மூன்று வாரத்தில் வண்டி செய்த ஒரே பெரிய காரியம், கல்லும் பள்ளமுமாகக் கிடந்த ஒரு மலைப்பாதையில் ஒரு நாள் முழுக்க ஏறி இறங்கியதுதான்.

அலசி முடித்த பிறகும் பொடி எங்கிருந்து வந்தது என்று தேடினால், இன்ஜின் பிறந்த இடத்துக்கே போக வேண்டியிருக்கிறது. சிலிண்டர்களைச் சுற்றிக் கூலண்ட் ஓடுவதற்கென்று பிளாக்குக்குள், அதாவது இன்ஜினின் வார்ப்பு உடலுக்குள், வளைவும் நெளிவுமான வெற்றிடங்கள் உண்டு. உருக்கிய வார்ப்பிரும்பை ஊற்றும்போது அந்த இடங்களை இரும்பு நிரப்பிவிடாமலிருக்க, மணலைப் பசையோடு இறுக்கிச் செய்த கருக்களை அச்சுக்குள் வைப்பார்கள். இரும்பு இறுகியதும் அவற்றை உடைத்து, குலுக்கி, தட்டி வெளியே கொட்டிவிடுவார்கள். எவ்வளவு தட்டினாலும் மூலைமுடுக்குகளில் கொஞ்சம் மணல் சுவரோடு சுட்டு ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். இன்ஜின் ஆயிரக்கணக்கான முறை சூடாகி ஆறி, விரிந்து சுருங்கும்போது அது தவணை முறையில் உதிர்கிறது. வயது சேர்க்கும் சரக்கு தனி: யாரோ எப்போதோ ஊற்றிய வெறும் குழாய்த் தண்ணீர் விட்டுப்போன சுண்ணாம்புப் படிவு, இரும்புச் சுவரின் துரு, அலுமினியப் பாகங்கள் அரித்துண்டான வெண்பொடி, ரேடியேட்டரின் பற்றவைப்பு ஈயத் துணுக்கு, ஒழுகலை அடைக்கிறேன் என்று முந்தைய உரிமையாளர் அள்ளிக் கொட்டிய பொடி. பழைய வண்டி வாங்குகிறவர்கள் இந்தச் சொத்தையும் சேர்த்தேதான் வாங்குகிறார்கள்.

இவ்வளவும் உள்ளே இருந்தும் அலசும்போது ஏன் வரவில்லை? நீரில் இறங்கும் சிறு துகளின் வேகம் அதன் விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்று 1851இல் இயற்பியலாளர் ஜார்ஜ் ஸ்டோக்ஸ் கணக்கிட்டுக் காட்டினார். துகள் பத்து மடங்கு பெரிதானால் நூறு மடங்கு வேகமாக இறங்கும். சாதாரண வெப்பநிலையில் இருக்கும் தண்ணீரில் 100 மைக்ரான் (மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு) அளவுள்ள மணல் நொடிக்குச் சுமார் 8 மி.மீ. இறங்கிவிடும், பத்து சென்டிமீட்டர் ஆழத்தைக் கடக்க அதற்குப் பன்னிரண்டு பதின்மூன்று நொடி போதும். 10 மைக்ரான் துகளுக்கு அதே ஆழம் இருபது நிமிடப் பயணம். ஆகவே பருத்த துகள்கள் ஓட்டம் தளர்கிற முதல் இடத்திலேயே இறங்கிவிடுகின்றன. பிளாக்கின் அடிப்பகுதியும், வாட்டர் பம்புக்கு எட்டாத் தொலைவில் இருக்கும் கடைசிச் சிலிண்டரின் பின்புறமும் அவற்றுக்கு வசதியான இடங்கள். வருடக்கணக்கில் அங்கே வண்டல் கட்டுகிறது. குழாயைச் செருகி அலசினால் தண்ணீர் தனக்குச் சுலபமான வழியில் ஓடி வெளியேறிவிடுகிறது. மூலை வண்டலை அது சட்டை செய்வதில்லை.

தார்ச்சாலையில் மட்டும் ஓடும் வண்டியில் அந்த வண்டல் ஓய்வு பெற்ற ஆளைப் போலக் கிடந்தபடி காலத்தை ஓட்டிவிடலாம். மலைப்பாதை விடாது. வண்டி ஒரு பக்கமாகச் சாய்கிறது, மூக்கைத் தூக்குகிறது, ஒவ்வொரு பாறையிலும் குலுங்குகிறது. போதாக்குறைக்கு அங்கே வேகம் நடைவேகம். எதிர்க்காற்று ரேடியேட்டருக்கு உதவாது, விசிறி இழுக்கிற காற்றுதான் எல்லாம். எரிபொருளின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைக் கூலண்ட் சுமந்துகொண்டு போய் வெளியே கொட்டியாக வேண்டும். அந்த வேலை மிகக் கடினமாக இருக்கும் நேரம் பார்த்து வண்டல் கிளம்புகிறது.

கிளம்பியது எங்கே போய்ச் சேரும் என்பதில்தான் ஆபத்து இருக்கிறது. ரேடியேட்டரின் தட்டைக் குழாய்களும் வண்டிக்குள் சூடு தரும் ஹீட்டரின் குழாய்களும் உட்புறம் ஓரிரு மில்லிமீட்டர் இடைவெளி மட்டுமே உள்ளவை. படிவுப் பொருக்கு ஒன்று குறுக்கே விழுந்தால் அதன் பின்னால் மற்றவை வரிசை கட்டும். சுவரிலேயே தங்கிவிடும் படிவும் சாதுவானதன்று. வார்ப்பிரும்பை ஒப்பிட்டால் சுண்ணாம்புப் படிவு வெப்பத்தைக் கடத்தும் திறன் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. ஒரு மில்லிமீட்டர் படிவு என்பது, வெப்பத்தின் கண்ணுக்கு, இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் தடித்த கூடுதல் இரும்புச் சுவர்.

வாட்டர் பம்புக்கு நேர்வது இன்னும் நுட்பமானது. பம்பின் தண்டு உள்ளே இருக்கும் கூலண்டுக்கும் வெளியே இருக்கும் பேரிங்குக்கும் நடுவே சுழல்கிறது. கூலண்ட் வெளியே வராமல் காப்பது கண்ணாடி போல மெருகேற்றிய இரண்டு வளையங்கள்: ஒன்று பெரும்பாலும் கரி, மற்றது பீங்கான் வகை. ஒன்று நிற்க, மற்றது அதன்மேல் முகத்தோடு முகம் உரசிச் சுழலும். இரண்டுக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத கூலண்ட் படலம் ஒன்றுதான் எண்ணெய் போல மசகு. அந்தப் படலத்துக்குள் ஒரு மணல்துகள் நுழைந்தால் வட்டவட்டமாகக் கீறும். கீறல் ஆழமானதும், பம்பின் வயிற்றில் இதற்கென்றே விட்டிருக்கும் சிறு துளை வழியே சொட்டு விழத் தொடங்கும். பழைய பம்பைக் கழற்றி அந்தக் கரி வளையத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் இசைத்தட்டின் வரிகள் போலக் கோடுகள் தெரியும். பம்பின் தரத்தைத் திட்டுவதற்கு முன் அதைப் பார்த்துவிடுவது நல்லது.

சரி, ஒரு ஃபில்டரை வைத்துவிடுவோம் என்றால், முதலில் தோன்றுவது ரேடியேட்டருக்குப் போகும் தடித்த ஹோஸிலேயே வைப்பதுதான். அலசிய பிறகு சில மணி நேரத்துக்கு மட்டும் மெல்லிய வலைத்துணியை அந்த ஹோஸின் வாயில் கட்டி ஓட்டிப் பார்க்கிறவர்கள் உண்டு. பெரிய பொருக்குகள் அதில் மாட்டும். நிரந்தரமாக விட்டால் வலை அடைத்த நாளில் இன்ஜினே வெந்துவிடும். அதனால் கனரக டீசல் லாரிகளில் பல பத்தாண்டுகளாகப் பின்பற்றும் முறை வேறு: முக்கிய ஓட்டத்தை அதன் போக்கில் விட்டுவிட்டு, ஒரு சிறு கிளையை மட்டும் ஃபில்டர் வழியாகத் திருப்புவது. ஃபில்டர் முழுக்க அடைத்துப்போனாலும் கிளை ஓட்டம் நிற்கும், அவ்வளவே. குளிர்விப்பு வழக்கம்போல நடக்கும்.

சிறு கிளையால் என்ன பயன் என்று சந்தேகம் வரும். எனக்கும் வந்தது, கணக்குப் போட்டதும் தீர்ந்தது. மொத்தக் கூலண்ட் 10 லிட்டர், கிளையில் நிமிடத்துக்கு 2 லிட்டர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஃபில்டரால் பிடிக்கக்கூடிய அளவுள்ள, மிதந்துகொண்டிருக்கும் துகள்களில் ஐந்து நிமிடத்துக்குப் பிறகு 37 சதவீதம் மிஞ்சும். ஏற்கெனவே வடித்த கூலண்டே மறுபடியும் கலந்து வருவதால் மொத்தமும் ஒரே சுற்றில் போவதில்லை. கால் மணி நேரத்தில் 5 சதவீதம், அரை மணி நேரத்தில் அரை சதவீதத்துக்கும் கீழே. ஒரு மலையேற்றம் முடிவதற்குள் கூலண்ட் தெளிந்துவிடும். இந்தக் கணக்கில் ஒரு சொல்லை மறந்துவிடக் கூடாது: மிதந்துகொண்டிருக்கும். மூலையில் படிந்து கிடப்பதும் சுவரில் ஒட்டியிருப்பதும் ஃபில்டரின் அதிகாரத்துக்கு வெளியே. அவை கிளம்பி வரும் நாளில்தான் அதற்கு வேலை.

கிளையை எங்கே வெட்டுவது? ஓட்டம் தானாக நடக்க அழுத்த வேறுபாடு வேண்டும், அது ஹீட்டர் ஹோஸ்களில் தயாராகவே இருக்கிறது. ஒன்று சிலிண்டர் ஹெட்டிலிருந்து சூடான கூலண்டைக் கொண்டுபோகிறது. மற்றது வாட்டர் பம்பின் உறிஞ்சும் பக்கத்துக்குத் திரும்புகிறது. முதலாவதில் ஒரு டீ (T வடிவ) இணைப்பு, இரண்டாவதில் ஒரு டீ இணைப்பு, நடுவே ஃபில்டர். ஹீட்டருக்கு இணையாக இன்னொரு பாதை, அவ்வளவுதான். ஹீட்டரை மூடும் வால்வு இருந்தால் டீ இணைப்பு அதற்கு முன்பே வர வேண்டும்; இல்லையென்றால் ஹீட்டரை அணைத்த நாளெல்லாம் ஃபில்டரும் பட்டினி. கிளை அகலமாகிவிட்டால் ஹீட்டர் குளிர்ந்துபோகும் என்பதால், இணைப்பில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் துளையுள்ள ஓர் அடைப்பானை வைப்பார்கள்.

ஃபில்டருக்கு இருபுறமும் ஓட்டத்தை மூடித் திறக்கும் பந்து வால்வு (ball valve) வைப்பதைச் செலவு என்று யாராவது தட்டிக்கழித்தால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அவை இருந்தால் மாற்றும்போது ஒரு கோப்பைக் கூலண்ட்தான் சிந்தும். காட்டுக்கு நடுவே புது ஹோஸில் ஒழுகல் வந்தாலும் இரண்டையும் மூடிவிட்டு வண்டி பழைய மாதிரியே வீடு திரும்பலாம். புதிதாகச் சேர்க்கும் ஒவ்வோர் இணைப்பும் ஒழுகுவதற்கான புதிய இடம் என்பதை ஃபில்டரை விற்கிறவர்கள் சொல்வதில்லை. ஃபில்டர் தலையை இன்ஜின் மேல் பொருத்தாமல் வண்டியின் உடம்பில், புகைபோக்கிக் குழாயின் சூட்டுக்கு எட்டத்தில், வாய் மேலாகவும் டப்பா கீழாகவும் தொங்கும்படி பொருத்துவது நல்லது. இன்ஜின் தன் ரப்பர் தாங்கிகளில் ஆடும்; அந்த ஆட்டத்துக்கு இடம் விட்டு ஹோஸ் கொஞ்சம் தளர்வாக இருக்க வேண்டும்.

உரிய ஃபில்டரைத் தேர்ந்தெடுப்பதில் இரண்டு பொறிகள் உண்டு. மரை ஒத்துப்போகிறதே என்று ஆயில் ஃபில்டரைத் திருகிவிடுவது ஒன்று. அதன் காகிதமும் பசையும் எண்ணெய்க்கென்று தேர்ந்தவை, சூடான நீரும் கூலண்டில் கலந்திருக்கும் கிளைக்கால் என்ற ரசாயனமும் அவற்றை ஊறவைத்துத் தளர்த்தும். தவிர, பல ஆயில் ஃபில்டர்களில் அடைத்துக்கொண்டால் தானே திறந்து அழுக்கை அப்படியே விடும் வால்வு இருக்கும். இரண்டாவது பொறி, லாரிகளுக்கான சில கூலண்ட் ஃபில்டர்களுக்குள் இருக்கும் ரசாயனம். பெரிய டீசல் இன்ஜின்களில் அதிர்வினால் சிலிண்டர் உறையின் வெளிப்புறத்தில் நுண்குமிழிகள் தோன்றி வெடித்து, இரும்பையே துளைத்துவிடும்; அதைத் தடுக்கும் சேர்மானத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துவிடுவதற்கான ஏற்பாடு அது. நீண்ட ஆயுள் கொண்ட கரிம அமிலக் கூலண்டில் அந்தச் சேர்மானம் வேண்டாத விருந்தாளி. ரசாயனம் இல்லாத வெறும் ஃபில்டர் என்று கேட்டு வாங்க வேண்டும்.

பொருத்தி முடித்து, காற்றை வெளியேற்றி, இன்ஜின் சூடானதும் செய்ய வேண்டிய சோதனைக்குக் கருவி தேவையில்லை. ஃபில்டர் டப்பாவைப் புறங்கையால் ஒரு கணம் தொட்டால் போதும். சுட்டால் ஓட்டம் இருக்கிறது. இன்ஜின் கொதிக்கும் சூட்டில் இருக்க டப்பா மட்டும் வெதுவெதுப்பாக இருந்தால், உள்ளே காற்று சிக்கியிருக்கிறது அல்லது ஃபில்டர் நிறைந்துவிட்டது. சூடான ரேடியேட்டர் மூடியில் மட்டும் கை வைக்கக் கூடாது. மூடி தரும் அழுத்தத்தால்தான் உள்ளே இருக்கும் நீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் அடங்கியிருக்கிறது. திறந்த நொடியில் அது ஆவியாகச் சீறும்.

என் ஜீப்பின் முதல் ஃபில்டரைச் சில நூறு கிலோமீட்டரிலேயே கழற்றி, டப்பாவின் விளிம்பை அறுத்து, உள்ளே இருந்த காகித மடிப்புகளை வெள்ளைத் தட்டில் விரித்தேன். மடிப்புகளின் அடியில் பழுப்புச் சேறு. காந்தத்தைக் காகிதத்துக்கு அடியில் வைத்து நகர்த்தியதும் சேற்றிலிருந்து கருப்பு மயிர்க்கோடுகள் எழுந்து கூடவே நகர்ந்தன, அது மேக்னடைட் என்னும், காந்தத்துக்கு இழுபடும் கருப்பு இரும்பு ஆக்சைடு. பழுப்புத் துரு அசையாமல் கிடந்தது. காந்தம் மட்டும் வைத்தால் போதும் என்கிறவர்களுக்கு அந்தத் தட்டைக் காட்டியிருக்கலாம். காய்ந்த பிறகு டார்ச் அடித்தபோது ஆங்காங்கே மினுங்கியவை மணல். அங்கே வழவழவென்று கூழ் போல ஏதாவது இருந்திருந்தால் பொருந்தாத இரண்டு வகைக் கூலண்ட் கலந்திருக்கிறது என்று பொருள். எண்ணெய்ப் பிசுக்கு இருந்திருந்தால் சிலிண்டர் ஹெட்டுக்கு அடியில் இருக்கும் கேஸ்கெட்டையோ எண்ணெயைக் குளிர்விக்கும் ஆயில் கூலரையோ சந்தேகிக்க வேண்டியிருக்கும். நல்லவேளை, இரண்டும் இல்லை.

இரண்டாவது ஃபில்டரில் சேறு பாதியாகக் குறைந்திருந்தது. மூன்றாவதை அறுத்தபோது மடிப்புகளின் நிறம் ஏறக்குறைய புதுக் காகிதம். ஒரு மூலையில் மட்டும் நகக்கண் அளவு வெள்ளைப் பொருக்கு ஒன்று கிடந்தது. அதன் ஒரு பக்கம் வழுவழுப்பாகவும் மறுபக்கம் துருவேறியும் இருந்தது. ஏதோ ஒரு சிலிண்டரின் சுவரிலிருந்து பெயர்ந்து வந்திருக்கிறது. அந்த இடத்தில் இப்போது வெற்று இரும்பு கூலண்டைத் தொட்டுக்கொண்டிருக்கும். நான்காவது ஃபில்டரை இன்னும் கழற்றவில்லை.