ஒரு டம்ளர் அரிசியில் எவ்வளவு அரிசி?

படியால் அளந்த காலத்தில் அளப்பவரின் கையும் கணக்கில் சேரும். கூம்பாகக் குவித்தால் ஓர் அளவு, தலை தட்டினால் இன்னோர் அளவு. படியைத் தரையில் இரண்டு தட்டு தட்டிவிட்டால் அரிசி கீழே இறங்கி, மேலே இன்னும் கொஞ்சம் கொள்ளும். அரிசி சுருங்கவில்லை, இடையில் இருந்த காற்றுதான் வெளியே போனது.

எவ்வளவு காற்று? 200 மி.லி. டம்ளரில் பச்சரிசியைத் தலை தட்டி எடுத்து, 200 மி.லி. தண்ணீர் உள்ள பாத்திரத்தில் கொட்டுங்கள். குமிழி போகக் கிளறிவிட்டுப் பார்த்தால் மட்டம் 400-க்கு வராது, 320-ஐ ஒட்டியே நிற்கும். அதாவது டம்ளரில் ஏறக்குறைய 80 மி.லி. வெறும் காற்று. ஒரே அளவுள்ள கோலிக்குண்டுகளை எப்படிக் குலுக்கி நிரப்பினாலும் அவை அடைப்பது சுமார் 64 சதவீத இடம்தான்.

சரி, மட்டத்தை எப்படிச் சரியாகப் பார்ப்பது? கண்ணாடியில் தண்ணீரின் ஓரம் சற்று மேலேறி நிற்கும். நடுவிலுள்ள பள்ளத்தின் அடியைக் கண்ணுக்கு நேராக வைத்துப் படிக்க வேண்டும். பாதரசம் நேர்மாறு, நடுவில் மேடாக நிற்பதால் உச்சியைப் படிக்கிறோம். பாத்திரத்தின் அகலமும் முக்கியம். 10 செ.மீ. அகலப் பாத்திரத்தில் 1 மி.மீ. பிசகினால் கிட்டத்தட்ட 8 மி.லி. போய்விடும். இரண்டரை செ.மீ. அகலமுள்ள அளவுசாடியில் அதே பிசகு அரை மி.லி.தான். ஆய்வகச் சாடிகள் ஒல்லியாக இருப்பது இதனால்தான்.

ஆனால் ஒரு கருங்கல்லின் கன அளவை இப்படி அளக்கலாம் என்றால், ஒல்லிச் சாடிக்குள் அது நுழையாதே! இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த வழி வருகிறது. சமையலறை டிஜிட்டல் தராசில் தண்ணீர்ப் பாத்திரத்தை வைத்து, பூஜ்யம் ஆக்குங்கள். கல்லை நூலில் கட்டி, முழுதாக மூழ்கும்படி, அடியிலோ பக்கத்திலோ படாமல் தொங்கவிடுங்கள். தராசு 85 கிராம் காட்டினால் கல்லின் கன அளவு 85 கன செ.மீ. அவ்வளவுதான்.

கல்லின் எடை எங்கே போயிற்று என்று தோன்றும். கல் எவ்வளவு இடத்தை அடைக்கிறதோ, அவ்வளவு தண்ணீரின் எடைக்குச் சமமான விசையால் தண்ணீர் அதை மேலே தள்ளுகிறது. கல் அதே விசையால் தண்ணீரைக் கீழே தள்ளுகிறது. தராசுக்குத் தெரிவது இது மட்டுமே. மீதி எடையை நூலும் உங்கள் கையும் சுமக்கின்றன. ஒரு மி.லி. தண்ணீர் ஏறக்குறைய ஒரு கிராம் என்பதால் கணக்கே வேண்டாம். அப்புறம் கல்லைத் துடைத்துத் தனியாக நிறுத்து, 230 கிராம் இருந்தால், 85-ஆல் வகுத்துப் பாருங்கள்: 2.7. கருங்கல்லின் அடர்த்தி அதுதான்.

மிதக்கும் மரத்துண்டையும் இப்படி அளக்கலாம். மெல்லிய ஊசியால் முழுதாக அமுக்கிப் பிடித்தால் போதும், தராசு அதன் கன அளவைக் காட்டிவிடும். கற்கண்டு தண்ணீரில் கரையும் என்பதால் மண்ணெண்ணெய் எடுக்க வேண்டும். அதன் அடர்த்தி சுமார் 0.8 என்பதால் தராசு காட்டுவதை 0.8-ஆல் வகுக்க வேண்டும். அளந்த கற்கண்டை மட்டும் மறுபடி டப்பாவில் போட்டுவிடாதீர்கள்.