கையெழுத்து ஃபாண்ட்டில் போன் நம்பரா? வேண்டவே வேண்டாம்

இந்த மாதமும் ஒன்று வந்துவிட்டது. எம்.சி. ரோடு பக்கம் பிளவுஸ் தைக்கிற அக்கா, வேறெங்கோ அடித்த போர்டை செல்போனில் படமெடுத்து வந்து, "அண்ணே, போர்டு மாட்டியும் ஒருத்தர்கூட போன் பண்ணலை" என்றார். கடைப் பெயர், விலாசம், நம்பர் எல்லாமே சாய்ந்து வளைந்த கையெழுத்து ஃபாண்ட். 1 எது, 7 எது என்று எனக்கே பிடிபடவில்லை. ஆங்கிலத்தில் இருந்த பெயர் முழுக்க கேபிட்டல்.

வண்ணாரப்பேட்டையில் டிடிபி கடை வைத்திருப்பவன் கெஞ்சிக் கேட்கிறேன், அந்த கேபிட்டலை விடுங்கள். "பெரிய எழுத்துன்னா பளிச்சுன்னு தெரியும்" என்பது ஏரியல் மாதிரி நேரான ஃபாண்ட்டுக்குச் சரி, கையெழுத்து ஃபாண்ட்டுக்குச் சரியில்லை. மிஸ்ட்ரல் என்ற ஃபாண்ட்டைப் பாருங்கள். ரோஜர் எக்ஸ்கோஃபான் என்ற பிரெஞ்சுக்காரர் தன் கையெழுத்தை வைத்தே வரைந்து 1953இல் வந்தது. ஈய அச்சுக் காலத்திலேயே ஒரு சின்ன எழுத்தின் வால் அடுத்ததன் தலையைத் தொடும்படி செய்துவிட்டார். கேபிட்டல் என்பது சொல்லின் முதலில் மட்டும் நிற்க வரைந்தது. 'மீனா' என்று ஆங்கிலத்தில் எழுதும்போது முதல் எழுத்து மட்டும் பெரிதாக இருந்தால் மற்ற நான்கும் கைகோத்து ஓடும். ஐந்தையும் பெரிதாக்கினால் ஒன்றை ஒன்று தொடாது; ஐந்து மாப்பிள்ளைகள் ஒரே மணமேடையில் நின்ற மாதிரி இருக்கும். பேனரில் இடம் மிச்சமென்று எழுத்துகளைத் தள்ளித் தள்ளி வைக்கச் சொல்வதும் இதே கதைதான். இணைப்பு அறுந்துவிடும்.

காமிக் சான்ஸ் வேறு வகை. மைக்ரோசாஃப்ட்டில் வின்சென்ட் கொனேர் 1994இல் கார்ட்டூன் பேச்சுக் குமிழிகளுக்காக வரைந்தது. எழுத்துகள் ஒட்டாததால் கேபிட்டலிலும் பிழைத்துக்கொள்ளும். அதைக் கிண்டலடிக்கும் டிசைனர் தம்பிகள் நோட்டீஸ் முழுக்க, பிரஷ்ஷால் எழுதின மாதிரி இருக்கும் பிரஷ் ஸ்கிரிப்ட்டில் அடித்துத் தருவதைப் பார்த்திருக்கிறேன்.

தமிழில் ஆபத்து புள்ளியில். மெல்லிய பிரஷ் ஃபாண்ட்டைச் சின்னதாகப் போட்டால் புள்ளி கரைந்து 'அண்ணன்' என்பது 'அணணன' ஆகிவிடும். கண்ணீர் அஞ்சலி பேனரில் அப்படி நடந்தால் அந்த வீட்டாருக்கு என்ன பதில் சொல்வது?

கையெழுத்து ஃபாண்ட்டுக்கு ஒருவர் நேரில் பேசுகிற குரல் உண்டு. கல்யாணப் பத்திரிகையில் 'அன்புடன் அழைக்கும்', மணமக்கள் பெயர், கேக் பெட்டி, டீக்கடை கரும்பலகையில் 'இன்று ஸ்பெஷல்', இதற்கெல்லாம் தாராளமாகப் போடுங்கள். இரண்டு மூன்று சொல்லோடு நிறுத்துங்கள். விலாசம், தேதி, நம்பர், மருந்து அளவு, 'அபாயம்' எல்லாம் நேரான, தடித்த எழுத்தில்தான். டி.எச். ரோட்டில் பஸ்ஸில் போகிறவருக்குப் படிக்கக் கிடைப்பது ஓரிரு விநாடி. அச்சுக்கு முன் தரும் மாதிரிப் பிரதியான புரூஃப்பைச் சுவரில் ஒட்டிவிட்டுப் பத்தடி தள்ளி நின்று படியுங்கள். வீட்டுப் பெரியவரையும் படிக்கச் சொல்லுங்கள்.

இலவசமாக இறக்கிய ஃபாண்ட் என்றால் 'சொந்த உபயோகத்துக்கு மட்டும்' என்று போட்டிருக்கிறதா பாருங்கள். கடை போர்டு அதில் வராது.

ஃபைலை கர்வ்ஸ் ஆக்கி, அதாவது எழுத்துகளை வெறும் கோட்டுருவமாக மாற்றி, அனுப்புங்கள். இல்லாவிட்டால் எங்கள் கம்ப்யூட்டரில் அந்த ஃபாண்ட் இல்லாமல் வேறு ஏதோ வந்து உட்காரும். அதற்கும் திட்டு எங்களுக்குத்தான்.