உடைமர நிழலில் செங்காந்தள்

குளிர்நாட்டுக் காடுகளில் வசந்தம் வந்ததும் தரையெல்லாம் பூப்பதற்கு ஓர் அவசரம் காரணம். மரங்கள் இலைவிட்டு மேலே மூடுவதற்குள், கீழே விழும் வெளிச்சத்தில் சிறுசெடிகள் வேலையை முடித்தாக வேண்டும். இராமநாதபுரம் கரையோரச் செடிகளுக்கும் அவசரம்தான், ஆனால் தண்ணீருக்காக. ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் பெய்து முடிந்துவிடும்.

அப்படியானால் இங்கே தோட்டச் செடிகளை மர நிழலில் வைப்பது எதற்கு? பல செடிகளின் இலைக்கு உச்சிவெயிலில் பாதிகூடத் தேவைப்படாது. மிச்ச வெயில் இலையைச் சூடாக்கும். இலைத்துளைகள் மூடிக்கொள்ள, உணவு தயாரிப்பு மந்தமாகும். மண்ணிலும் ஒரு சங்கதி உண்டு. உவர்நீர் பாய்ச்சினால், தண்ணீர் ஆவியாகி உப்பு மட்டும் மேல்மண்ணில் தங்கும். நிழலும் சருகும் ஆவியாவதைக் குறைப்பதால் உப்பும் அவ்வளவாகப் படியாது.

சரி, எந்த மரத்து நிழல்? சீமைக் கருவேலம் வேண்டாம். அதன் இலைச்சருகிலிருந்து கசியும் பொருட்கள் பல விதைகளை முளைக்க விடாது. நம் ஊர் உடைமரம் நல்லது. குடை விரித்த மாதிரி நிற்கும். பொடி இலைகளுக்கு நடுவே வெயில் புள்ளி புள்ளியாக இறங்கும்.

அதன் ஓரத்தில் நான் முதலில் வைக்கச் சொல்வது செங்காந்தள். வேர்ப்பக்கம் நிழலும் தலைப்பக்கம் வெயிலும் கேட்கிற கொடி இது. இலை நுனியே சுருண்டு, பக்கத்துக் குச்சியைப் பிடித்து மேலேறும். பூ பச்சையும் மஞ்சளுமாக விரிந்து, நாளாக ஆகச் சிவக்கும். மகரந்தத்தை ஏற்கும் சூல்தண்டு செங்கோணமாக மடங்கிப் பக்கவாட்டில் விலகி நிற்பதால், தன் மகரந்தமே தன்மேல் விழுவது குறைவு. மழைக்காலம் போனதும் கொடி காய்ந்துவிடும். செத்துவிட்டது என்று பிடுங்கி எறிபவர்கள் உண்டு. கிழங்கு உள்ளே உறங்கிக்கொண்டுதான் இருக்கும். அப்போது தண்ணீர் ஊற்றினால் அழுகிவிடும். முளை கிழங்கின் நுனியில் இருக்கிறது, நடும்போது அது ஒடியக் கூடாது.

முன்வரிசைக்குக் கனகாம்பரம். இதுவும் தென்னிந்தியாவின் சொந்தச் செடி. காய்ந்த காயில் ஈரம் பட்டதும் வெடித்து விதையை வீசும். மண் நனைந்திருக்கும் வேளையில் விதைப்பதற்கு நம் கை தேவையில்லை. பிள்ளைகள் எச்சில் தொட்டு வெடிக்கவைக்கும் ஊதாப்பூ பட்டாசுக்காய்க்கும் இதே வித்தை தெரியும். ஆனால் அது அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது, இடம் கொடுத்தால் மற்றதை நெருக்கிவிடும்.

காந்தளின் எல்லாப் பாகத்திலும் கோல்சிசின் என்ற நஞ்சு உண்டு, கிழங்கில் ஏராளம். வள்ளிக்கிழங்கு என்று தோண்டித் தின்று இறந்தவர்கள் இருக்கிறார்கள். கொடி காய்ந்தபின் இடம் தெரியாமல் போகும், அதனால் ஒரு குச்சி நட்டு அடையாளம் வையுங்கள்.