உச்சியைத் தொடாவிட்டாலும் அந்தப் பணம் குழந்தைகளுக்குத்தான்

லண்டனில் குடும்ப மருத்துவராக இருக்கிறேன். ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி பிறந்ததும் இந்தக் கேள்வி வரத் தொடங்கிவிடும்: "டாக்டர், கிளிமஞ்சாரோ போறேன். குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கு நிதி திரட்டுறோம். என்ன மாத்திரை எடுத்துக்கணும்?" மலையேறப் போவதாகச் சொல்லி, அதை வைத்துத் தெரிந்தவர்களிடம் நன்கொடை திரட்டுவது இங்கே வழக்கம். மாத்திரையை அப்புறம் பார்க்கலாம். நான் முதலில் கேட்பது, எத்தனை நாள் பயணம் என்று.

ஆப்பிரிக்காவில், தான்சானியாவில் இருக்கும் கிளிமஞ்சாரோ மலையின் உயரம் 5,895 மீட்டர். வழக்கமான பாதைகளில் கயிறு கட்டி ஏற வேண்டியதில்லை, நடந்தே போய்விடலாம். அதனால்தான் மலையேறிப் பழக்கமில்லாதவர்களும் துணிந்து பெயர் கொடுக்கிறார்கள். ஆனால் உச்சியில் ஒரு மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன், கடல் மட்டத்தில் கிடைப்பதில் ஏறக்குறைய பாதிதான். இதற்கு உடம்பு பழக நாள் வேண்டும். 3,000 மீட்டரைத் தாண்டியபின், இரவு தூங்கும் இடத்தின் உயரம் நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மேல் கூடக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை கூடுதலாக ஓர் இரவு அதே உயரத்தில் தங்க வேண்டும் என்பது உயர மருத்துவத்தின் அடிப்படை விதி. மரங்கு பாதையின் ஐந்து நாள் திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் இரவு 2,700, அடுத்த இரவு 3,700, அதற்கடுத்து 4,700 மீட்டர் அளவில் தங்க வேண்டும். ஒவ்வோர் இரவும் ஆயிரம் மீட்டர் தாவல்!

லெமோஷோ பாதையில் எட்டு நாள் எடுத்துப் போகலாம். லாவா டவர் பக்கம் 4,600 மீட்டர் வரை ஏறிவிட்டு, பராங்கோ முகாமில் 3,900 சொச்சத்துக்கு இறங்கித் தூங்கலாம். உடம்பு பழக இது நல்ல ஏற்பாடு. ஆனால் மலை இருக்கும் தேசியப் பூங்காவின் கட்டணம் நாள் கணக்கில் வருவதால் செலவு கூடும். "தர்மத்துக்குப் போற பயணம், செலவைக் குறைப்போமே" என்று குறுகிய திட்டத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். நல்ல மனதோடு எடுக்கும் முடிவுதான். ஆனாலும் மற்ற எதில் வேண்டுமானாலும் மிச்சம் பிடியுங்கள், நாளில் பிடிக்காதீர்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் இப்படி ஒரு குழுவோடு மருத்துவர்களில் ஒருத்தியாக நானும் போனேன். பராஃபு முகாம், சுமார் 4,670 மீட்டர். ஸ்வாஹிலியில் பராஃபு என்றால் பனிக்கட்டி. மாலை ஆறு மணி. நள்ளிரவுக்கு முன்பே உச்சிக்குக் கிளம்ப வேண்டும். சாப்பாட்டுக் கூடாரத்தில் ஓர் அண்ணன், வயது நாற்பத்தைந்து இருக்கும், சூப்பைத் தொடவே இல்லை. கேட்டதற்கு, "தூக்கம் போதலம்மா, வேற ஒண்ணுமில்ல" என்றார். குனிந்து ஷூ கயிற்றைக் கட்டினார். கயிற்றின் நுனி வளையத்துக்குள் போகாமல் மூன்று முறை நழுவியது.

வெளியே கூட்டிவந்து, நெற்றியில் கட்டும் விளக்கு வெளிச்சத்தில், ஒரு காலின் குதிகால் மறுகாலின் விரல்நுனியைத் தொடும்படி நேர்கோட்டில் நடக்கச் சொன்னேன். நாலாவது அடியில் பக்கவாட்டில் சாய்ந்து என் தோளைப் பிடித்துக்கொண்டார். உயரத்தில் இப்படித் தள்ளாடினால், வேறு காரணம் உறுதியாகத் தெரியும்வரை அது மூளை வீக்கம்தான். காலைவரை காத்திருக்க முடியாது. வீக்கத்தைக் குறைக்கும் டெக்ஸாமெத்தசோன் மருந்தைக் கொடுத்து, ஆக்சிஜன் வைத்து, குழுவை இன்னொரு மருத்துவரிடம் ஒப்படைத்துவிட்டு, இரண்டு வழிகாட்டிகளோடு அப்போதே அவரை இறக்கினோம்.

பாதி வழியில் சொன்னார்: "மூணு நாளா தலைவலிம்மா. சொன்னா இறக்கிடுவீங்கன்னு சொல்லல. இருநூறு பேர்கிட்ட காசு வாங்கியிருக்கேன். போகாம திரும்பினா அவங்களுக்கு என்ன பதில் சொல்றது?" அவர் மகளுக்கு இரண்டு மாதக் குழந்தையாக இருந்தபோது இதய அறுவை சிகிச்சை நடந்தது. அந்த நன்றிக்கடனைத் தீர்க்கத்தான் வந்திருந்தார். விடியும்போது 3,100 மீட்டரில் இருந்த ம்வேகா முகாமுக்கு வந்துவிட்டோம். ஷூ கயிற்றை அவரே கட்டினார்.

எனக்குப் பயமே இதில்தான். சொந்த ஆசைக்காக மலையேறுபவர் தலைவலித்தால் சொல்லிவிடுவார். குழந்தைகளுக்காக ஏறுபவர் மறைக்கிறார்.

சரி, மாத்திரைக்கு வருகிறேன். உயரத்தால் வரும் நோயைத் தடுக்க, டயமாக்ஸ் என்ற பெயரில் கிடைக்கும் அசெட்டஸோலமைடை, பொதுவாக 125 மில்லிகிராம் வீதம் காலை மாலை, ஏறுவதற்கு முந்தைய நாளிலிருந்து தருவோம். விரல்நுனிகள் மரத்துக் கூசும், சோடா சப்பென்று இருக்கும். இரண்டும் பயப்பட வேண்டியவை அல்ல. ஆனால் இந்த மாத்திரை மெதுவாக ஏறுவதற்கு மாற்று இல்லை. உடற்பயிற்சியும் அப்படித்தான். மாரத்தான் ஓடுபவர்கள் முன்னால் வேகமாகப் போய்ப் படுத்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். வழிகாட்டிகள் "போலே போலே", மெல்ல மெல்ல, என்று நாள் முழுக்கச் சொல்வது சும்மா இல்லை.

நம்மவர்களில் சர்க்கரை நோய் அதிகம் என்பதால் இதையும் சொல்ல வேண்டும். உறைந்துபோன இன்சுலினைத் தூக்கிப் போட வேண்டியதுதான். பகலில் உள்சட்டைப் பையிலும் இரவில் தூக்கப் பைக்குள்ளும் வைத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை பார்க்கும் மீட்டரும் குளிரில் தகராறு செய்யும், அதற்கும் அதே இடம்தான். மலேரியாவுக்கு டாக்ஸிசைக்ளின் எடுப்பவர்களுக்கு வெயிலில் தோல் சீக்கிரம் வெந்துவிடும். உயரத்து வெயில் கடுமையானது. காப்பீட்டில் 6,000 மீட்டர் வரை செல்லும் என்று எழுத்தில் இருக்கிறதா பாருங்கள். பல காப்பீடுகள் அதற்கு வெகுகீழே நின்றுவிடும்.

அப்புறம் சுமைதூக்கிகள். ஒருவர் 20 கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது என்று பூங்கா விதி இருக்கிறது. அவர்களுக்கு நியாயமான கூலியும் மூன்று வேளைச் சாப்பாடும் கிடைக்கிறதா என்று முன்பணம் கட்டுவதற்கு முன்பே நிறுவனத்திடம் கேளுங்கள். இங்கே ஒரு குழந்தைக்காக நடக்கிறோம், அங்கே நம் பையைச் சுமப்பவர் வீட்டிலும் குழந்தைகள் இருக்கிறார்கள்.

பண விஷயத்தை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். சிலர் பயணச் செலவைத் தாங்களே கட்டுகிறார்கள். சில ஏற்பாடுகளில், திரட்டிய பணத்தின் ஒரு பகுதியிலிருந்து தொண்டு நிறுவனமே பயணச் செலவைக் கட்டும். இரண்டாவது வகை என்றால், நன்கொடை தருபவருக்கு அது முன்கூட்டியே தெரிய வேண்டும். முடிந்தவர்கள் சொந்தக் காசில் போவதே நல்லது என்பது என் கருத்து.

இப்போது என்னிடம் வருபவர்களிடம், நன்கொடை கேட்கும் கடிதத்தில் ஒரு வரி சேர்க்கச் சொல்கிறேன். போன வாரம் வந்த பெண், என் எதிரிலேயே உட்கார்ந்து அதைப் போனில் தட்டினார்: "நான் உச்சியைத் தொட்டாலும், உடம்பு முடியாமல் பாதியில் இறங்கினாலும், நீங்கள் தரும் பணம் குழந்தைகளுக்குப் போய்ச் சேரும்." அனுப்பிவிட்டு, எட்டு நாள் திட்டத்துக்கு மாற்றிக்கொள்கிறேன் என்றார்.